உளியும் எழுதுகோலும்

உளி பிடித்த கை எழுதுகோல் பிடிக்கலாமோ எனக் கேட்போருக்குப் பாரிசு நகரம் ஒரு தச்சரை விடையாகத் தருகிறது. அவர் ஆந்திரே ழாகோப் ரூபோ; தச்சரின் மகன், தச்சரின் பேரன். 1739-இல் பிறந்த அவர், 1769 முதல் 1775 வரை தம் தொழில்நுட்பம் அனைத்தையும் பெருநூலாக எழுதினார். பிரெஞ்சு அறிவியல் கழகம் அதனை வெளியிட்டது.

அந்நூல் விளக்கும் தச்சுமேசையைக் காண்போம். 5, 6 அங்குலக் கனத்தில் ஒற்றைப் பலகை. அதனை ஊடுருவிப் பொருந்தும் 4 ஓக் மரக் கால்கள். பலகைத் துளையில் இரும்புக் கொக்கியைச் செருகி ஓங்கித் தட்டினால், இழைக்கும் மரம் இம்மியும் நகராது. அவ்வளவே!

அம்மேசை ரூபோவின் கற்பனையன்று, அவருக்கும் மூத்தது. கி.பி. 79-இல் வெசுவியசு எரிமலை புதைத்த எர்குலேனிய நகரின் சுவரோவியத்திலேயே பலகையும் கொக்கியும் உண்டு. ஆயினும், அந்நாளில் அதில் உழைத்த தச்சன் எழுதிய ஏடு ஒன்றேனும் நமக்கு வந்ததா? இல்லை! கைகள் ஓய்ந்தன, கைகள் கற்ற அறிவும் உடன் மாய்ந்தது.

ரூபோவின் அறிவோ மாயவில்லை. இன்று வீட்டுப் பட்டறையில் அம்மேசையை அமைப்போர் அவர் ஏட்டையே புரட்டுகின்றனர். உழைப்பவன் எழுதினால் உழைப்பு வரலாறாகும். இளைஞர்களே, கருவி ஏந்திய கையால் ஏட்டையும் ஏந்துவோம்!