சந்தாதாரரும் உறுப்பினரும்: ஆம்ஸ்டர்டாம் ஏடு ஒன்றின் வரலாறு

நம் வீடுகளில் இதழ்களுக்குச் சந்தா கட்டும் வழக்கம் பழையது. ஆண்டுக்கு ஒருமுறை தொகையை அனுப்புவோம். தபால்காரர் இதழைக் கொண்டுவந்து தருவார். கணக்கு அத்துடன் தீர்ந்தது. அதே வாசகரை 'உறுப்பினர்' என்று அழைத்தால் மாறுவது பெயர் மட்டும்தானா? நெதர்லாந்தின் 'டி கரெஸ்பாண்டென்ட்' என்னும் இணைய ஏட்டின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. அதன் வெற்றியைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அதன் சறுக்கலிலும் சற்று நிற்க விரும்புகிறோம்.

இதனைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ராப் வெய்ன்பெர்க். தத்துவம் பயின்றவர், 27 வயதிலேயே ஒரு நாளேட்டின் ஆசிரியரானவர், நாளேட்டின் போக்கு குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டால் 2012இல் அப்பதவியை இழந்தவர். மறு ஆண்டு அவரும் நண்பர்களும் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர்: ஆளுக்கு 60 யூரோ வீதம் 15,000 பேர் முன்வந்தால் ஏடு பிறக்கும். எட்டே நாள்களில் அந்த எண்ணிக்கை நிறைவேறியது. இறுதியில் 18,933 பேர் சேர்ந்தனர்; பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது. அப்போது படிப்பதற்கு ஒரு கட்டுரைகூட இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மக்கள் பணம் கொடுத்தது ஒரு வாக்குறுதிக்கே.

அவ்வாக்குறுதியைத் தாங்கும்படியே உறுப்புரிமைத் திட்டமும் அமைந்தது. விளம்பரம் கிடையாது. முதலீட்டாளருக்குப் பிரித்துத் தரும் ஆதாயம் வருவாயில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உறுப்பினர் தாம் படித்த கட்டுரையை உறுப்பினரல்லாத நண்பருக்கும் இலவசமாக அனுப்பலாம். இவற்றினும் மேலாக, செய்தியாளர் தாம் ஆராயப்போவதை முன்கூட்டியே அறிவித்து, விவரம் அறிந்தோரின் உதவியைக் கேட்பார். மருத்துவமனை பற்றிச் செவிலியருக்கும் பள்ளி பற்றி ஆசிரியருக்கும் தெரிந்தது வேறு எவருக்குத் தெரியும்? யெல்மர் மொம்மர்ஸ் என்னும் செய்தியாளர் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர்களுக்கே வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். 2017இல் அவர் வெளியிட்ட ஆய்வோடு, புவி வெப்பமடைதலைக் குறித்து எச்சரித்து அந்நிறுவனமே 1991இல் தயாரித்த படமும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த நற்பெயரை முதலாக வைத்து 2018 இறுதியில் ஆங்கில ஏட்டுக்கு உறுப்பினர் சேர்த்தனர். விரும்பிய தொகையைத் தரலாம் என்றனர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 45,888 பேர் ஏறத்தாழ 26 இலட்சம் டாலர் தந்தனர். நியூயார்க்கில் அலுவலகம் வைத்தே இப்பணம் திரட்டப்பட்டது. எனவே ஏடும் அமெரிக்காவிலிருந்து நடைபெறும் எனப் பலர் எண்ணினர். 2019 மார்ச்சில், தலைமையகம் ஆம்ஸ்டர்டாமிலேயே இருக்கும் எனத் தெரியவந்தது. ஆதரித்தோரே வெகுண்டனர். "அமெரிக்கத் தலைமையகம் என்று நாங்கள் வாக்களிக்கவே இல்லை" என்பதே நிறுவனரின் முதல் மறுமொழியாக இருந்தது.

எழுத்தளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வணிகக் குடும்பங்களில் வளர்ந்த நமக்கு இந்த விடை போதாது. சரக்கின் குறையை வாங்குபவர் கேட்காவிட்டாலும் சொல்லி விற்க வேண்டும் என்றே நம் பெரியோர் கற்பித்தனர். கடையில் ஏமாந்தவர் மறுமுறை வேறு கடைக்குப் போவார், அவ்வளவே. 'நீங்களும் எங்களில் ஒருவர்' என்று அழைக்கப்பட்டவரோ தம் நம்பிக்கையை அமானிதமாக ஒப்படைத்திருந்தார். ஏப்ரல் இறுதியில் நிறுவனர்கள் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டனர். முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

ஆங்கில ஏடு 2019 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. வருவாய் சுருங்கிய உறுப்பினர் பலர் விலகினர். தம் ஊர் நிலவரத்தை அறியத் துடித்தோருக்கு உலகளாவிய கட்டுரைகள் தொலைவாகத் தோன்றின. 2020 டிசம்பரில் மூடல் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி முதல் நாளோடு ஏடு நின்றது. 60 யூரோவில் தொடங்கிய டச்சு ஏடு, தன் உறுப்பினர்களின் பணத்தில் அதன் பின்னரும் தொடர்ந்து வெளிவந்தது.