பாத்திக் சட்டை: கையால் வரைந்ததா, அச்சடித்ததா?

ஜொகூர் பாரு கடைகளில் பாத்திக் சட்டைகளின் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. பார்வைக்கு இரண்டு சட்டைகள் ஒன்றுபோல இருக்கலாம்; ஒன்று கையால் வரைந்தது, மற்றொன்று இயந்திரத்தில் அச்சடித்தது. கைவேலைக்குரிய விலையைக் கொடுத்து அச்சுத் துணியை வாங்காமல் இருக்க, அது உருவாகும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வரையும் முறை

வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். 'சாந்திங்' என்னும் மூக்குள்ள சிறு செம்புக் கிண்ணத்தில் சூடான மெழுகை எடுத்துக் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் தூரிகையால் சாயம் தீட்டும்போது, மெழுகு வரப்பைப்போல நின்று சாயம் பரவாமல் தடுக்கும். சாயம் பிடித்த பின் வெந்நீரில் மெழுகைக் கரைப்பார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். உலோக அச்சை மெழுகில் தோய்த்துப் பதிப்பது 'பிளாக்' பாத்திக், அதுவும் கைவேலைதான். கிளந்தானும் திரங்கானுவும் இத்தொழிலுக்குப் பேர்போனவை.

கண்டுபிடிப்பது எப்படி?

* துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகும் சாயமும் ஊடுருவுவதால் கைவேலையில் பின்புறமும் ஏறக்குறைய முன்புறம்போலவே இருக்கும். அச்சுத் துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளுத்திருக்கும்.
* சாந்திங்கால் வரைந்ததில் ஒரு பூவைப்போல இன்னொரு பூ அச்சு அசலாக இருக்காது. கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும்.
* 'லுக்கிஸ்', 'பிளாக்', 'சேத்தாக்' ஆகிய மூன்றில் எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சேத்தாக் என்றால் அச்சு.

கைவேலைத் துணியை மென்மையான சோப்பில், ஊறவிடாமல் துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் நீடிக்கும்.

நமக்கும் உறவு உண்டு

துணியில் கையால் வரைவது தமிழருக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டக் கருப்பூரிலும் தஞ்சைப் பகுதியிலும் மூங்கில் எழுதுகோலால் வரையும் கலம்காரி இன்றும் நடக்கிறது. 2021இல் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலம்காரியில் கறுப்பு மை, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துச் செய்வது. துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். மை பரவாமல் காப்பது பாலின் கொழுப்பு. பாத்திக்கில் மெழுகு செய்யும் வேலை அது.

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் கப்பலேறி மலாய்த் தீவுகளுக்கு வந்தன. ஜப்பானுக்கும் போய் 'சராசா' என்று பெயர் பெற்றன. கட்டம்போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அது வரைந்த துணியல்ல, நெய்த துணி. ஆனால் அந்தப் பெயர், துணி ஏற்றுமதியான நம் பழவேற்காடு என்ற புலிக்காட்டிலிருந்து வந்தது.

அடுத்த தீபாவளிக்குப் பாத்திக் எடுக்கும்போது துணியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரைந்தவரின் கூலி அந்தப் பின்பக்கத்தில் தெரியும்.