என்றும் பச்சையாய் ஒரு வேலி

சித்திரைப் பிறப்பென்றால் ஊரில் வேம்பு பூத்து நிற்கும். இங்கே இங்கிலாந்தில் பல மரங்கள் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கும். ஐந்து மாதம் மொட்டையாய்க் கிடக்கும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கட சனத்துக்கு லேசான காரியமில்லை. அதனால்தான் வீடு வாங்கியவுடன், "குளிருக்கும் இலை கொட்டாத மரம் ஏதும் இருக்கோ?" என்று விசாரிக்கிறோம். நானும் விசாரித்துத்தான் நட்டேன். அதனால் பட்ட பாடுதான் இந்த மரங்களின் வரலாற்றைத் தேட வைத்தது.

குளிரிலும் நிறம் தருபவற்றில் முக்கியமானவை ஊசியிலை மரங்கள். காரைநகர்க் கடற்கரைச் சவுக்கும் பார்வைக்கு இப்படித்தான். ஆனால் அது பூக்கும் இனம், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. பிரித்தானிய மண்ணுக்கே உரிய ஊசியிலை மரங்கள் மூன்றே மூன்று: ஸ்கொட்ஸ் பைன், யூ, ஜூனிப்பர். தோட்டங்களில் நாம் காணும் மற்றவை எல்லாம் எங்களைப் போல வெளியிலிருந்து வந்து வேர்விட்டவை.

1854இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு சைப்பிரஸ் மரத்தின் விதைகள் எடின்பரோவிலிருந்த லோசன் நாற்றுமேடைக்கு அனுப்பப்பட்டன. அதுவே லோசன் சைப்பிரஸ். அதிலிருந்து நீலம், பொன்மஞ்சள், குள்ளம் என்று எத்தனையோ வகைகள் தோன்றின.

அடுத்த கதை 1888இல், வேல்ஸ் நாட்டு லெய்ட்டன் ஹோல் என்ற வளவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒன்றையொன்று காணாமல் தூரத்தூர வளர்ந்த இரண்டு இனங்கள், நூட்கா சைப்பிரஸும் மொன்றேறி சைப்பிரஸும், அந்த வளவில் அருகருகே நின்று கலந்தன. பிறந்த கன்றுகளை லெய்லண்ட் என்பவர் வளர்த்தார். அவர் பெயரே மரத்துக்கும் வந்தது. இது தடியை வெட்டி வேர்விடச் செய்தே பெருக்கப்படுகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் வளரும். விட்டால் 30 மீற்றரையும் தாண்டும்.

நான் நட்டது இதைத்தான். முழங்கால் உயரத்தில் ஆறு கன்றுகள். சில வருடத்தில் நல்ல மறைப்பு வந்தது. ஆனால் அடுத்த வீட்டு மூதாட்டியின் குசினிக்குள் பகலிலும் லைற் போடவேண்டி வந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் சண்டை பிடிக்கவில்லை, கதைப்பதை நிறுத்திவிட்டார். ஊரில் கதியால் ஒரு சாண் தள்ளிப் போட்டதற்கு வருடக்கணக்காய் முகம் பாராமல் இருந்த குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. பிறகு மேலே வெட்டினேன், பக்கத்தில் வெட்டினேன். பூவரசு என்றால் திரும்பத் துளிர்க்கும். இதுவோ பழைய கொப்பு வரை வெட்டினால் துளிர்க்காது. கடைசியில் வேரோடு எடுத்தேன். அன்று அவர் தேத்தண்ணியோடு வேலியடிக்கு வந்தார்.

இது என் ஒருவனின் கதையல்ல. நாடு முழுவதும் இப்படி வழக்குகள் பெருகியதால்தான் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயர்ந்த வேலிகளுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, 2005இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட பசுமை வேலி வெளிச்சத்தை மறைத்தால், அயலவர் பேசித் தீராதபோது கவுன்சிலில் முறையிடலாம்.

ஆனபடியால் கன்றின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். பத்து வருடத்தில் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். நோர்போக்கில் ஏட்ரியன் புளூம் 1960களில் தொடங்கிய ஃபொக்கி பொட்டம் தோட்டம் சிறிய ஊசியிலைகளை நிறத்துக்கு நிறம் சேர்த்து நடும் வழியைப் பிரபலமாக்கியது. 'புளூ ஸ்டார்' ஜூனிப்பர் வருடம் முழுவதும் நீலம். 'விண்டர் கோல்ட்' பைன் குளிரில் பொன்னாகும். 'ரைன்கோல்ட்' துயா கோடையில் மஞ்சள், மாரியில் செம்பு நிறம். வேலிதான் வேண்டுமென்றால் யூ நல்லது. மெதுவாக வளரும், வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் இலையும் விதையும் நஞ்சு; சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவதானம். லார்ச் என்றால் வாங்கவேண்டாம்; ஊசியிலைதான், ஆனால் குளிரில் எல்லாம் கொட்டிவிடும்.

என் வேலியடியில் இப்போது மூன்று குள்ளக் கன்றுகள் நிற்கின்றன. மேலால் அயலவரின் முகம் தெரிகிறது.