சீனத்துத் தீச்சுவரும் மறைகுறிச் சுருங்கையும்

1987 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே பீஜிங் நகரிலிருந்து ஜேர்மனியின் கால்ஸ்றூ பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. பெருமதிலைக் கடந்து உலகின் எம்மூலையையும் தம்மால் எட்டமுடியும் என்பதே அதன் கருத்து. மதில் கடந்தமையைப் பெருமிதத்தோடு அறிவித்த அந்நாட்டிலேயே பின்னர் இணையத்துக்கென ஒரு மதில் எழுந்ததும், அதனடியில் மக்கள் சுருங்கை அகழ்ந்ததும் அண்மைக்கால வரலாற்றில் ஆராயத்தக்க செய்திகளாம். கோட்டை மதிலின்கீழ்ச் செல்லும் நிலத்தடி வழியைச் சுருங்கை என்பது பழந்தமிழ் வழக்கு. மறைகுறியாக்கப்பட்ட இணைய வழிக்கும் அப்பெயர் பொருந்துவதாகும்.

சீனம் 1994 இல் இணையத்தோடு முழுமையாக இணைந்தது. 1996 இல் அந்நாட்டு அரசாங்கம் பிறப்பித்த விதிகள், வெளிநாட்டுத் தொடர்பு யாவும் அரசின் வாயில்கள் வழியாகவே செல்லவேண்டும் என வகுத்தன. வாயில்கள் சிலவாயின் காவல் எளிதன்றோ? 1998 இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சு 'பொற்கேடயம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலந்தொட்டுப் படிப்படியாக வளர்ந்த தடுப்பமைப்பையே உலகம் சீனப் பெருந்தீச்சுவர் என்று அழைக்கலாயிற்று. யூடியூப், பேஸ்புக், டுவிட்டர் ஆகியன 2009 இல் தடுக்கப்பட்டன. 2019 இல் விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புக்களும் தடுக்கப்பட்டன.

இச்சுவர் தொழிற்படும் முறை பலதிறப்பட்டது. தளத்தின் பெயரைக் கேட்பவனுக்குப் பொய்யான முகவரியைத் தருதல் ஒன்று. குறித்த முகவரிக்குச் செல்லும் தொடர்பை அறவே தடுத்தல் மற்றொன்று. செல்லும் செய்தியிலே விலக்கப்பட்ட சொல் உளதாயின் தொடர்பை முறித்தல் பிறிதொன்று. இவற்றுள் மூன்றாவதனை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2006 இல் வியப்புக்குரிய உண்மையொன்றை வெளியிட்டனர். சுவர் செய்தியை நிறுத்தவில்லை. இருபுறத்துக் கணினிகளுக்கும் 'தொடர்பு முடிந்தது' என்னும் பொய்யோலையை மாத்திரமே அனுப்பியது. இரு கணினிகளும் அவ்வோலையைப் பொருட்படுத்தாவிடின் செய்தி தடையின்றிச் சென்றது. சுவரின் வலிமையில் ஒரு பங்கு பணிவோரின் பணிவிலே தங்கியிருந்தமை இதனாற் புலனாகும்.

சுருங்கை முதலில் இச்சுவரைக் கருதி அமைந்ததன்று. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிலே கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனைக் கண்ட தத்து இலோனன் என்பார், தொலைவிலுள்ள கணினியோடு மறைகுறியிற் பேசும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை ஆக்கினார். அம்முறை பிற செய்திகளையும் தன்னுட் பொதிந்து கொண்டுசெல்ல வல்லதாயிற்று. சுவருக்கு அப்பால் வாடகைக்குப் பெற்ற வழங்கி ஒன்றும், தன் கணினியில் இயங்கும் சிறு நிரல் ஒன்றும், இரண்டற்கும் பொதுவான திறவுகோல் ஒன்றும் இருப்பின் சுருங்கை அமைந்துவிடும். உலாவி தன் வேண்டுகோளை அந்நிரலிடம் ஒப்படைக்கும். நிரல் அதனை மறைகுறியாக்கி வழங்கிக்கு அனுப்பும். வழங்கி அதனை அவிழ்த்து, உரிய தளத்திலிருந்து பக்கத்தைப் பெற்று, மீண்டும் மறைகுறியாக்கித் திருப்பும். காவலனுக்குத் தெரிவது பயணி ஒருவன் அவ்வழங்கிக்குச் செல்கிறான் என்பது மட்டுமே. வங்கிகளும் வாணிக நிறுவனங்களும் மறைகுறியையே நம்பியிருத்தலால் அதனை முற்றாகத் தடுத்தல் அரசுக்கும் இயலாததாயிற்று.

ஆயினும் உள்ளடக்கம் மறைந்தாலும் சுருங்கையின் முகப்பு மறையவில்லை. இரு கணினிகள் தொடர்பு தொடங்கும்பொழுது பரிமாறும் முதல் வணக்கமே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. தோர் எனும் வலையமைப்பின் பட்டியலிற் கண்ட வழங்கிகள் 2009 இல் தடுக்கப்பட்டன. பட்டியலில் இடப்படாத வழங்கிகளையும் சுவர் தேடிச்சென்று, தானும் ஒரு பயணிபோற் பேசி, விடை வந்தவுடன் தடுத்ததை 2012 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. காவல் ஒற்றாடலாக வளர்ந்தவாறு இது.

இதற்கு விடையாக 2012 இல் சீன நிரலாளர் ஒருவர் புனைபெயரில் வெளியிட்ட சடோசொக்ஸ், வணக்கத்தையே நீக்கியது. அதன் செய்தி முதலிலிருந்து இறுதிவரை ஒழுங்கற்ற குறிகளாகவே தோன்றும். 2015 ஓகஸ்டில் காவற்றுறையினரின் வற்புறுத்தலால் அவர் அதனைக் கைவிட்டார். ஆனால் அதன் படிகள் பிறர் கைகளில் வாழ்ந்தன. 2021 நவம்பரில் சுவர் புதுநெறி வகுத்தது: அறியப்பட்ட எவ்வகையையும் ஒவ்வாத செய்தி தடுக்கப்படலாயிற்று. மறைவே அடையாளமாயிற்று. ஆகவே இன்றைய சுருங்கைகள் மறைந்து செல்லாது, சாதாரண இணையத்தளத்தின் உடையைப் பூண்டு வாயில்வழியே செல்ல முயல்கின்றன.

தொழினுட்பம் செய்யாததைச் சட்டம் செய்தது. 2017 இல் உரிமம் பெறாத சுருங்கைச் சேவைகளை ஒழிக்கும் ஆணை பிறந்தது. அவ்வாண்டே அப்பிள் நிறுவனம் தன் சீனக் கடையிலிருந்து அத்தகைய செயலிகளை அகற்றியது. குவாங்சி மாநிலத்தில் இச்சேவையை விற்ற ஒருவருக்கு ஐந்தரை ஆண்டுச் சிறையும் 5 இலட்சம் யுவான் தண்டமும் விதிக்கப்பட்டன. வணிகனுக்கு உரிமையான வழி மாணவனுக்குக் குற்றமாயிற்று. தீச்சுவரின் தந்தை எனப்பெறும் பாங் பின்சிங் என்பாரே, 2016 இல் ஹார்பினில் நிகழ்த்திய விரிவுரையின்போது, தடுக்கப்பட்ட பக்கத்தைக் காட்டச் சுருங்கையை நாடநேர்ந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின.

எனினும் சுவரின் பெருவலிமை இவற்றுள் எதனிலும் இல்லை. இலங்கையில் 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளிற் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபொழுது, வழக்கமாய்ப் பயன்படுத்தியதை இழந்த மக்கள் பலர் உடனே சுருங்கைகளை நாடினர். மதிலுக்குள்ளேயே வளர்ந்தோர் நிலை வேறு. பீஜிங்கின் பல்கலைக்கழக மாணவர் ஏறத்தாழ 1,800 பேரிடையே யுயூ சென், டேவிட் யாங் ஆகிய பொருளியலறிஞர் இருவர் நடத்திய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. இலவசமாகச் சுருங்கை வழங்கப்பெற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அதனைப் பயன்படுத்தவேயில்லை. பயன்படுத்தியோரும் வெளிநாட்டுச் செய்தியைப் பெரும்பாலும் நாடவில்லை. ஆனால் சில மாதம் ஊக்கமளித்து அச்செய்திகளை வாசிக்கத் தூண்டப்பெற்றோர், ஊக்கம் நின்றபின்னும் வாசிப்பை விடவில்லை. தம் பணம் கொடுத்தும் அவ்வழியைத் தொடர்ந்தனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனின், வாணிகம் வேண்டும் நாடு வாயிலை முற்றாக அடைக்க இயலாது. எனவே கல்லால் மட்டும் எம்மதிலும் நிறைவுறாது. எஞ்சிய இடைவெளியை அச்சமும், அதனினும் மிகுதியாக அறியும் வேட்கையின்மையும் அடைக்கின்றன. சுருங்கை அகழ்தல் நிரலாளர் தொழில். அதனுட் செல்லும் விருப்பை எழுப்புதல் கல்வியின் தொழில்.