தோட்டத்து இளைஞனும் குற்றம் என்னும் சொல்லும்

வெலிமடையிலிருந்து பதுளை நோக்கிச் செல்வோர்க்குத் தேயிலை மலைகளும் அவற்றினிடையே நீண்ட லயங்களும் காட்சி தரும். அந்த லயங்களிற் பிறந்து வளர்ந்த இளைஞரை 'அடங்காதவர்', 'ஓடிப்போனவர்' எனப் பழித்தல் நெடுநாள் வழக்கு. அப்பழியின் வேர் யாதென ஈண்டு ஆராய்வாம்.

சேவை ஒப்பந்தங்கள் பற்றிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலையும் பணியாமையையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. எழுதுவினைஞன் வேலையை விட்டால் அது விலகல். கூலியாள் விட்டால் அது குற்றம். இதற்குத் துணையாய் நின்றது 'துண்டு' முறை. துண்டிற் குறித்த கடனைத் தீர்க்கப் பிறிதொரு தோட்டம் முன்வந்தாலன்றித் தொழிலாளி இடம் மாற இயலாது. தந்தையின் கடன் மைந்தனின் காலையும் கட்டிற்று. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது, பழிச்சொல் ஒழியவில்லை.

1940இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்து நடக்கத் தோட்டத்துரையும் இசைந்தார். கலகக்காரர் எனப்பட்டோர் ஒழுங்கினை நிலைநாட்டவும் வல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று.

சட்டம் காணாததை இலக்கியம் கண்டது. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022), லயத்து மக்களையும், அவர்க்கும் துரைக்கும் இடைநின்ற உத்தியோகத்தரையும் தம் கதைகளிற் காட்டினார். வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) திரைப்படம் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய நாவலாசிரியர் குவான் மர்ஸே 1966இல் வெளியிட்ட நாவலொன்றின் தலைவன், பார்சலோனாவின் குன்றுச் சேரியொன்றில் வாழும் மோட்டார் சைக்கிள் திருடன். செல்வர் மகளான மாணவியோ அவனைப் புரட்சித் தொழிலாளியெனக் கருதி மயங்குகிறாள். பழிப்போரும் போற்றுவோரும் அவனை உள்ளவாறு கண்டிலர்.

பாடசாலை இடாப்பில் ஒரு மாணவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என நாம் எழுதுகின்றோம். அவன் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கு நிற்கலாம். ஏன் சென்றான் என வினவியபின் அவனைக் குறைகூறுதலே ஆசிரியர்க்கும் வரலாறு கற்போர்க்கும் அழகாகும்.