சூரிய மல் இயக்கமும் எமது நூற்றாண்டு நிதியும்

கொடி விற்பது, கானிவேல் வைப்பது, இசை நிகழ்ச்சிக்கு ரிக்கற் விற்பது, நடைபவனி போவது என்று நிதி சேகரிப்பில் எமது கல்லூரிப் பெண்கள் அறியாத வழி எதுவும் இல்லை. நூற்றாண்டு நிதிக்காகச் சங்கம் கூடியபோதும் இவை யாவும் பேசப்பட்டன. எவ்வளவு சேரும் என்பதே அனைவரதும் கேள்வியாக இருந்தது. அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வேறு சில கேள்விகள் உண்டு என்பதை இந்நாட்டு வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பூ விற்பனை எமக்குக் காட்டுகிறது.

முதலாம் உலகப் போரின் பின்னர் ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் திகதி இலங்கையில் சிவப்புப் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. முன்னாள் படைவீரருக்கான நிதி அது. ஆனால் சேரும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே செல்கிறது, இலங்கையரான படைவீரருக்குச் சிறு பங்கே கிடைக்கிறது என்ற மனக்குறை எழுந்தது. 1931 இல் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், அதே நாளில் விற்பதற்கு உள்நாட்டுப் பூவொன்றை முன்வைத்தார். சிங்களத்தில் 'சூரிய மல்' எனப்படும் அந்தப் பூ வேறொன்றுமில்லை, எமது வேலிகளில் நிற்கும் பூவரசின் மஞ்சள் பூவே. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி வளர்ந்த எமக்கு அம்மரத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

1933 இல் இம்முயற்சி புதிய வேகம் பெற்றது. இங்கிலாந்தில் பிறந்து, மாத்தறை சுஜாதா வித்தியாலயத்துக்கு அதிபராக வந்த டொரீன் யங், 'பூக்களின் போர்' என்ற தலைப்பில் ஆங்கில நாளேடொன்றில் கட்டுரை எழுதினார். தம் நாட்டு வறியவர்களை மறந்து வேறொரு நாட்டின் நிதிக்குப் பிள்ளைகளைப் பூ வாங்கவைப்பது முறையா என்பதே அவரது வாதம். ஹொரணையில் வில்மட் பெரேராவின் இல்லத்தில் கூடிய கூட்டத்தில் அவர் இயக்கத்தின் தலைவியானார். இணைச் செயலாளர்களும் தனியாக ஒரு பொருளாளரும் தெரிவாகினர். அவர் அதிபராயிருந்த கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயம் இயக்கத்தின் பணிமனைபோல் இயங்கியது. ஒரு பெண்கள் பாடசாலை இவ்வாறு நாட்டின் வரலாற்றில் இடம்பிடித்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டும்.

பொப்பியை வாங்கியோர் வசதி படைத்தோர். சூரிய மல்லை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். ஆகவே சேர்ந்த தொகை பொப்பி நிதியை எட்டவில்லை. தெருவில் நிதி சேகரிப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைக் கொண்டு அரசும் அதைக் கட்டுப்படுத்த முயன்றது. தொகையை மட்டும் பார்த்தால் இதனைத் தோல்வி என்றே எழுதவேண்டியிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டே அந்த இயக்கத்தின் பயன் தெரியவந்தது.

1934 இல் மழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியன வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அத்தேங்கிய நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. ஈர வலய மக்களுக்கு இந்நோயுடன் நீண்ட பழக்கம் இல்லாதபடியால் எதிர்ப்புச் சக்தியும் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. பூ விற்ற அதே இளைஞர்களும் யுவதிகளும் கிராமங்களுக்குச் சென்றனர். டொரீனின் கணவரான டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களுள் ஒருவர்.

அங்கு அவர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமல்ல, பட்டினியையும்தான். குவினைன் கிருமியைத் தாக்கும், ஆனால் உணவின்றி வாடிய உடலைத் தேற்றாது. எனவே அவர்கள் பருப்பைப் பகிர்ந்தனர். மார்மைட்டை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தனர். வைத்தியர்களான எமக்கு இது வியப்பூட்டும் செய்தி. இந்தியாவில் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகைக்கு மார்மைட் பயன்படுவதை டொக்டர் லூசி வில்ஸ் வெளியிட்டது 1931 இல்தான். அதிலிருந்த சத்து போலிக் அமிலம் என்பது பின்னரே தெரியவந்தது. பருப்பு வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். 1936 இல் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். அவர்களது அரசியலை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவர்கள் செயற்பட்ட முறையை.

முதலாவதாக, பணம் யாருக்குப் போகிறது என்பதை ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தது. இரண்டாவதாக, கையில் சில சதமே உள்ளவரும் பங்குகொள்ள முடிந்தது. மூன்றாவதாக, மக்கள் ஏற்கெனவே பூ வாங்கும் நாளையே தெரிந்தெடுத்தமையால் நாளை அறிமுகப்படுத்தும் வேலை மிஞ்சியது. நான்காவதாக, செலவு சிறிது. விருந்து மண்டபத்துக்கும் ஒலி ஒளிக்கும் உணவுக்கும் கொடுத்தபின் எஞ்சுவதே நன்கொடை என்ற நிலை அங்கு இல்லை. ஐந்தாவதாக, பூவுடன் உறவு முடியவில்லை. நிதி சேர்க்கக் கூடியவர்களே இடர் வந்தபோது தொண்டர் அணியாயினர்.

2022 இன் நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, கடல் கடந்து வாழும் எம் சகோதரிகள் உதவிக்கு முன்வந்தமையை நன்றியுடன் நினைக்கிறோம். பெருந்தொகையை அவர்கள் ஒரே நாளில் அனுப்பிவிடலாம் என்பது உண்மையே. எனினும் இன்று எம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுள் காலை உணவின்றி வருவோரும் இரத்தச்சோகையால் சோர்ந்திருப்போரும் உள்ளனர். அவர்களை வகுப்பில் இனங்கண்டு, உணவு சென்றடைகிறதா என மாதந்தோறும் பார்ப்பதற்குப் பணம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். உள்ளூரில் சிறு தொகை கொடுத்துச் சேரும் பழைய மாணவியே அந்த ஆள்.

ஆகவே நூற்றாண்டு நிதியின் நோக்கம் முதலில் அறிவிக்கப்படட்டும். நுழைவுச்சீட்டு, சந்தைக்கு வந்து போகும் தாயும் வாங்கக்கூடிய விலையில் இருக்கட்டும். செலவுக்கு ஓர் எல்லை முன்கூட்டியே எழுதப்படட்டும். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்துள் வரவு செலவுக் கணக்கு கல்லூரி அறிவித்தற் பலகையில் ஒட்டப்படட்டும். அதன் கீழே, எத்தனை பிள்ளைகள் காலையில் உண்டனர் என்ற கணக்கும் மாதந்தோறும் எழுதப்படட்டும். நூறு ஆண்டுகள் எம்மை வளர்த்த கல்லூரி அன்னைக்கு நாம் காட்டவேண்டிய கணக்கு அதுவே.