பார்த்தவர் செய்த பொம்மை, கேட்டவர் வரைந்த கோடு

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்து, நகரத்து மக்கள் அத்தனை பேரையும் வயல்வெளிகளுக்கு விரட்டியது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் பசியாலும் நோயாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் மாண்டுபோனார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் தாய்லாந்து எல்லைக்கு ஓடினார்கள். சிலர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி வேர் பெயர்ந்த இரண்டு குடும்பங்களின் கதைகள், ரித்தி பானின் ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ (2013), டெனி டோவின் ‘ஃபுனான்’ (2018) என்று இரண்டு படங்களாகியிருக்கின்றன.

நகரம் காலியானபோது ரித்தி பான் சிறுவன். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் சாவதைக் கண்ணால் பார்த்தவர். டெனி டோ 1985இல் பாரிஸில் பிறந்தவர். நடந்ததையெல்லாம் அம்மா சொல்லக் கேட்டவர். பார்த்தவருக்கும் கேட்டவருக்கும் நடுவே உள்ள இந்தத் தூரம்தான் இரண்டு படங்களின் வடிவத்தையும் தீர்மானித்திருக்கிறது என்பேன்.

ரித்தி பான் களிமண்ணை எடுத்துக்கொண்டார். சாரித் மாங் என்ற சிற்பி உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மைகளைச் செதுக்கி வண்ணம் பூசித் தர, அவற்றை வைத்தே முகாம், வயல், மருத்துவமனை எல்லாம் எழுகின்றன. படத்தின் தொடக்கத்தில் சின்னக் கத்தி மண்ணைச் சுரண்டுகிறது. கால், தோள், முகம் வருகின்றன. பிறகு வெள்ளைக் கோட்டும் கறுப்பு டையும். அது அவருடைய அப்பா. கல்வித் துறையில் பெரிய பதவி வகித்த அந்த மனிதர், முகாமில் மிருகத்துக்குப் போடுவதுபோல் போட்ட சோற்றைத் தொடமாட்டேன் என்று இருந்தே உயிரை விட்டார். எல்லோர் உடையும் கறுப்பாகிப்போன கூட்டத்தில் ஒரு சிறுவன் பொம்மைக்கு மட்டும் புள்ளி போட்ட வண்ணச் சட்டை. அவன்தான் ரித்தி.

இந்தப் பொம்மைகள் அசைவதே இல்லை. கேமரா நகர்கிறது, ஒலி சூழ்கிறது, பொம்மை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பசி முற்றுவதைக் காட்ட வேண்டுமானால் அதே ஆளுக்கு விலா எலும்பு துருத்திய இன்னொரு பொம்மை வேண்டும். அசைவில்லாததை அனிமேஷன் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அசையாமைதான் படத்தின் நேர்மை. அந்த ஆண்டுகளில் கேமரா ஆட்சியாளர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய பிரசாரச் சுருள்களில் ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்து ஓயாமல் நடக்கிறார்கள். அந்தச் சுருள்களையும் ரித்தி பான் படத்தில் சேர்த்திருக்கிறார். அங்கே அசைவு முழுக்கப் பொய்யின் பக்கம் நிற்கிறது. அதற்கு எதிரே அசையாத மண் முகம் ஒன்றை வைத்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டெனி டோவால் அப்படி நிறுத்திவிட முடியாது. அம்மா எப்படி நடந்தாள், மூத்த மகனைக் கூட்டத்தில் தொலைத்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதை அவர் பார்த்ததில்லை. வரைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே கோடு, நிறம், அசைவு. வயல்கள் பச்சைப் பசேலென்று விரிகின்றன. கொலைகள் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நடந்து முடிகின்றன. அது சிலருக்கு மென்மையாகப் படலாம். தாயிடம் கேட்ட கதையில் எதைத் துருவக்கூடாது என்று தெரிந்த மகனின் அடக்கமாகவே எனக்குப் படுகிறது. சூ, குவோன் என்று பாத்திரங்களை அமைத்து, பிரெஞ்சு நடிகர்களைப் பேச வைத்து, அவர் இதைப் புனைவாகவே முன்வைத்தார். ஆன்சி விழாவில் 2018இல் முழுநீளப் படத்துக்கான முதல் பரிசு இதற்குத்தான். கறாராகச் சொன்னால், ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ போல இது ஆவணப்படம் அல்ல.

ஆனால் ரித்தி பானால் தொட முடியாத ஒன்றை ‘ஃபுனான்’ தொடுகிறது. மகனைத் தொலைத்த பிறகு கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதையே தவிர்க்கிறார்கள். பழியும் ஏக்கமும் வாய்விட்டு வருவதில்லை. பெற்றவர்களுக்கு இடையே அப்படி விழுந்த விரிசலை சின்னப் பிள்ளையின் கண் பிடித்திருக்காது. வளர்ந்த மகன் அம்மா எதிரே உட்கார்ந்து கேட்டதால்தான் அது கிடைத்திருக்கிறது.

ஒரு குறை எனக்கு இரண்டிலும் உண்டு. ரித்தி பானின் நினைவுகளைத் தன்மையில் பிரெஞ்சில் வாசிப்பவர் ரான்டல் டூக். டெனி டோவின் அம்மாவுக்குப் பதில் பேசுபவர் பெரெனிஸ் பெஜோ. பட்டவர்களின் சொந்தக் குரலும் அவர்களுடைய கெமர் மொழியும் அந்த இடங்களில் இல்லை. பிரான்ஸின் பணமும் திரையரங்கும் இல்லாமல் இவை உருவாகியிருக்காது என்பது தெரியும். ஆனாலும் ‘ஃபுனான்’ பார்க்கும்போதெல்லாம், அந்த அம்மா மகனிடம் சொன்ன வார்த்தைகளை அவள் குரலிலேயே ஐந்து நிமிடமாவது கேட்டிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.